விலாசினியின் அடுப்புக்கு அனுமதி

அச்சுதன்குட்டி மாஷின் வீடு தெற்குப் பக்கம் இருபத்துநாலு சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தது. வீடு இன்னும் கட்டப்படவில்லை என்பதால் குறைப்பது சுலபம் என்றார் ஓவர்சியர் சத்யசீலன்.

பஞ்சாயத்து ஆபீஸில் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மாஷ் மரியாதையாகத் தலையாட்டினார். ஓவர்சியர் ப்ளானின் ஓரமாகப் பென்சிலை நான்கு சுவரும் சுற்றிவர ஓட்டினார். உதடுகள் எதையோ கூட்டிக்கொண்டே போயின. பிறகு தெற்குச் சுவரின் மேல் ஒரு கோடு இழுத்து, "எல்லையிலேர்ந்து இடம் போதலை மாஷே. விதி இடம் கொடுக்காது. இருபத்துநாலு குறைச்சுக் கொண்டுவாங்க, கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார்.

இருபத்துநாலு சென்டிமீட்டருக்காக ஒருவன் சண்டை போடுவானா? மாஷ் ஹிந்தி வாத்தியார். முப்பது வருஷம் ஒருமை பன்மை திருத்தியவருக்கு இது ஒரு திருத்தமே இல்லை. ஃபைலை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் பியூன் ஆண்டப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பியூன்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஃபைல் நகராது என்பது மாஷின் நம்பிக்கை. குடையை விரித்துக்கொண்டு நடந்துவிட்டார்.

மாஷுக்கு அந்த ஊரில் ஒரு குறை உண்டு. அவர் யாரையும் எதுவும் கேட்க மாட்டார். வேலைக் காலம் முழுக்க வடக்கே காசர்கோட்டுப் பக்கம் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக மாற்றலில் இருந்தவர், சனி ஞாயிறு மட்டும் வீட்டுக்கு வந்துபோனவர், போன வருஷம்தான் பென்ஷனோடு குன்னத்துக்கடவில் நிரந்தரமாக வந்து சேர்ந்தார். டீக்கடைக்குப் போவதில்லை. பத்திரிகையை வீட்டில் வரவழைத்துப் படிப்பார். ஊரில் ஒரு வீடு எப்படி எழும்புகிறது என்பது டீக்கடையில் உட்கார்ந்த பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும் விஷயம். மாஷ் அந்தப் பத்து நிமிஷத்தை மிச்சம் பிடித்தார்.

ஊரே அவரை மாஷே என்றுதான் கூப்பிடும். மனைவி விலாசினியும் அப்படித்தான். வீடு வேண்டும் என்று கேட்டவள் அவள். உண்மையில் அவள் வீடு கேட்கவில்லை, அடுப்புக் கேட்டாள். குடும்ப வீட்டில் மாஷின் அண்ணன், அண்ணி தேவகி, அவர்கள் மகன் எல்லோரும் ஒரே கூரையின் கீழ். சமையலறை தேவகி ஏட்டத்தியின் ராஜ்ஜியம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து விலாசினிக்கு அங்கே காய் நறுக்கும் உத்தியோகம். பத்தொன்பது வருஷத்தில் பதவி உயர்வே இல்லை. வரும் சிங்ஙத்தில், அதாவது ஆவணியில், அண்ணன் மகனுக்குக் கல்யாணம். புது மருமகள் வந்தால் அடுப்புப் பக்கம் அவள் நிற்பாள், விலாசினி அரிவாள்மணையோடு இன்னும் கொஞ்சம் கதவுப் பக்கம் தள்ளிப் போவாள்.

"நான் நிறைய ஆசைப்படலை மாஷே" என்று அவள் ஒருநாள் சொன்னாள். "இந்த வீட்டுக் குழம்புல இத்தனை வருஷமா உப்புப் போட்டது நான் இல்லை. சாகறதுக்கு முன்னாடி ஒரு குழம்புக்கு நான் உப்புப் போடணும். கர்க்கடகம் பிறக்கறதுக்குள்ள மனையில முளை அடிச்சாகணும். இல்லேன்னா நான் ஒற்றப்பாலத்துக்கு எங்க வீட்டுக்குப் போறேன். அங்க என் தம்பி பொண்டாட்டி எனக்கு உப்பு ஜாடியைக் கொடுப்பா."

கோபமாகச் சொல்லியிருந்தால் மாஷ் சமாளித்திருப்பார். அவள் பயறு நறுக்கிக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள். அதனால் அவருக்குப் பயமாகிவிட்டது. கர்க்கடகம் என்றால் ஆடி, அதில் யாரும் வீட்டுக்கு அளவு குறித்து முளை அடிக்க மாட்டார்கள். சிங்ஙத்தில் கல்யாணம் வந்துவிடும். இப்போது மேட மாதம், சித்திரை நடக்கிறது. இடவம், மிதுனம் என்று இரண்டே மாதம் பாக்கி.

இந்த இருபத்துநாலு சென்டிமீட்டரில் ஒரு சிக்கல் இருந்தது. ப்ளானின் அளவு மாஷின் அளவு இல்லை, கிட்டுண்ணி ஆசாரியின் அளவு. ஆசாரி கோல் பிடித்து மனை பார்த்துச் சொன்னால்தான் அந்தப் பக்கத்தில் வீடு. அவர் கணக்கில் வீட்டின் சுற்றளவுக்கு வயது உண்டு. குழந்தை, வாலிபம், முதுமை, மரணம் என்று போகும். சுற்றளவு வாலிபத்தில் நின்றால் குடும்பம் தழைக்கும். மரணத்தில் நின்றால் அந்த வீட்டைக் கட்டாமல் இருப்பதே மேல். மாஷின் வீட்டை ஆசாரி நல்ல வாலிபத்தில் நிறுத்தித் தந்திருந்தார். தெற்கே குறைத்தால் அது எந்த வயதுக்குப் போகுமோ?

சரி, ஆசாரியிடம் போய் ஓவர்சியர் குறைக்கச் சொன்னார் என்று சொல்லலாமா? சொல்ல முடியாது. கல்ஃபிலிருந்து வந்த ஒருத்தர் மனையில் நின்றுகொண்டு "பஞ்சாயத்துல என்ன சொல்றாங்கன்னா" என்று ஆரம்பித்ததும் ஆசாரி கோலைத் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டியதை மாஷே கண்ணால் பார்த்திருக்கிறார். சர்க்கார் வருவதற்கு முன்னாலேயே வீடு இருந்தது என்பது ஆசாரியின் வாக்கு.

ஓவர்சியரிடம் போய் ஆசாரியின் கணக்கு இப்படி என்று சொல்லலாமா? அதற்கு வாயைத் தைத்துக்கொள்ளலாம். சத்யசீலன் அறிவியல் பிரசார சங்கத்தின் பொருளாளர். நூலகத் திடலில் மைக்கைப் பிடித்து, வீட்டுக்கு நாலு சுவர்தான் உண்டு, ஜாதகம் கிடையாது என்று அவர் முழங்கியபோது முதல் வரிசையில் கை தட்டியவர் அச்சுதன்குட்டி மாஷ். ஃபைலைக் கொடுத்த முதல் நாளே, "சார், நம்ம வீட்டுல இந்த மனையடி மூடத்தனம் எல்லாம் கிடையாது" என்று சொல்லியும் வைத்திருந்தார். ஓவர்சியர் அதைக் கேட்டுப் பென்சிலைச் சீவிக்கொண்டே, ரொம்ப நல்லது என்றார்.

ஆகவே மாஷ் ஒரு முடிவுக்கு வந்தார். இருவரும் ஒருவரையொருவர் அறியாமலே காரியத்தை முடிப்பது. அவருக்கு அது ரொம்ப புத்திசாலித்தனமாகப் பட்டது.

ஆசாரியைக் கூப்பிட்டு, முன்னறை இவ்வளவு பெரிசாக எதற்கு என்று விலாசினி நினைக்கிறாள், தெற்கே கொஞ்சம் குறைக்கலாமா என்று கேட்டார். ஆசாரி வீடு நிற்கப்போகும் இடத்தைப் பார்க்காமல் வேலியைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார். கிணற்றிலிருந்து கழிவறைக் குழி வரப்போகும் மூலை வரைக்கும் மெதுவாக அடி வைத்து நடந்தார். கடைசியில் கண்ணை மூடி, "தெற்கைக் குறைக்கறது உங்க இஷ்டம். ஆனா குறைச்சா சுத்து மரணத்துக்குப் போயிடும். வடக்கேயும் அரைக் கோல் உள்ள தள்ளணும். அப்பதான் நான் முளை அடிப்பேன்" என்றார்.

அரைக் கோல் என்றால் முப்பத்தாறு சென்டிமீட்டர். வடக்கே இருந்தது சமையலறை. சமையலறையில் முப்பத்தாறு போனால் என்ன, பாத்திரம் வைக்கும் பலகை போகும், அவ்வளவுதானே என்று மாஷ் சமாதானம் செய்துகொண்டார். ஜங்ஷனில் ப்ளான் வரைந்து கொடுக்கும் லிஜியிடம் போய்த் திருத்தி வாங்கினார்.

இடவம் பிறந்து மழையும் பிறந்தது. ஓவர்சியர் புது ப்ளானில் மறுபடி பென்சிலைச் சுற்றவிட்டார். மறுபடி உதடு அசைந்தது. முகம் சுளித்தது. "வடக்கே எதுக்கு மாஷே கை வெச்சீங்க? இப்ப மேற்கே முப்பத்தாறு கூட்டணும்."

கூட்டச் சொல்லும் சர்க்காரை மாஷ் அன்றுதான் பார்த்தார். "கூட்டணுமா சார்?"

"காத்தோட்டம்" என்றார் ஓவர்சியர், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

கூட்டினார். ஆசாரியிடம் போய், மேற்கே கொஞ்சம் நீட்டினால் விலாசினிக்கு மாலை வெயில் கிடைக்கும் என்று ஒரு கவிதையை அவிழ்த்துவிட்டார். ஆசாரி மேற்குப் பக்க ரோட்டையே கொஞ்ச நேரம் வெறித்தார். பிறகு, மேற்கு நீண்டால் வீட்டுக்காரருக்கு ஆயுள் குறையும், முழு வீட்டையும் கிழக்கே நகர்த்து என்றார். ஆயுள் விஷயமாயிற்றே. நகர்த்தினார்கள். கிழக்கே நகர்ந்ததும் கிணறு குறுக்கே வந்தது. கிணற்றுக்கு வழிவிட வடகிழக்கு மூலை வெட்டுப்பட்டது. அந்த மூலையிலும் இருந்தது சமையலறைதான்.

இப்படியாக வீடு எட்டு சென்ட் மனையில் உலாவத் தொடங்கியது. ஒரு வாரம் மாமரத்துப் பக்கம், ஒரு வாரம் வேலியோரம். மாஷ் இரண்டு பேரிடமும் எந்தப் பொய்யைச் சொன்னோம் என்று மறக்காமலிருக்க ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். இடப்பக்கம் ஆசாரிக்குச் சொன்னவை, வலப்பக்கம் ஓவர்சியருக்குச் சொன்னவை. எல்லாப் பொய்யிலும் காரணம் விலாசினிதான். அந்த நோட்டுப்படி அவள் பெரிய முன்னறையை வெறுத்தாள், மாலை வெயிலை விரும்பினாள், பிறகு மாலை வெயிலை வெறுத்தாள். வீட்டில் உண்மையான விலாசினி பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஃபைல் எங்க இருக்கு மாஷே?" என்று அவள் கேட்டால், ஆபீஸ் காரியம், உனக்குப் புரியாது, நடக்கிறது என்பார். அவளுக்குத் தெரிந்தால் முகம் வாடிவிடும் என்ற பயம் ஒரு பக்கம். நோட்டுப் புத்தகம் கையில் சிக்கினால் தன் முகம் என்ன ஆகும் என்ற பயம் மறுபக்கம்.

ஆறாவது ப்ளானில் சமையலறை ஒரு பெஞ்சு அகலத்துக்கு வந்திருந்தது. ஒருவர் உள்ளே போகலாம், திரும்ப முடியாது. பின்னாலேயே நடந்துதான் வெளியே வரவேண்டும். இதைச் சமையலறை என்று எழுத எனக்கு மனசு வரவில்லை மாஷே என்றாள் லிஜி. அந்த வார்த்தை மாஷின் மண்டையில் ஒரு விளக்கை ஏற்றியது. எல்லாத் தொல்லையும் இந்த ஒரு அறையால்தான். வடக்கே குறைத்தாலும் அது, கிழக்கே நகர்ந்தாலும் அது. அதை எடுத்துவிட்டால் வீடு நாலு மூலையும் சரியாக நிற்கும். அனுமதி வந்த பிறகு பின்பக்கம் ஒரு சாய்ப்பு இறக்கி அடுப்பு வைத்துக்கொண்டால் யார் கேட்கப்போகிறார்கள்?

சமையலறையை எடுத்துவிட்டு ஏழாவது ப்ளானைக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஓவர்சியர் அன்று ஆபீஸில் இல்லை. முன் கவுண்டரில் ஷைலஜா மேடம் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். சமையலறை எத்தனை என்று கம்ப்யூட்டர் கேட்டது. இல்லை என்று மாஷ் சொன்னார். அப்படியானால் இது குடியிருப்பு இல்லை என்றது கம்ப்யூட்டர். ஷைலஜா மேடம் இரக்கப்பட்டு, பட்டியலில் மேலும் கீழும் தேடி, பொருத்தமாக ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டாள். மாஷ் நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

மிதுனம் பத்தாம் தேதி தபால்காரர் கடிதம் கொண்டுவந்தபோது மாஷ் குளித்துக்கொண்டிருந்தார். வெளியே வந்தபோது விலாசினி அரிவாள்மணையை மடக்கி ஓரமாக வைத்துவிட்டு, கடிதத்தை மடியில் விரித்து உட்கார்ந்திருந்தாள். சர்வே எண் இன்னதில் திருமதி விலாசினி, திரு அச்சுதன்குட்டி ஆகியோர் கட்ட உத்தேசித்துள்ள கிடங்கில் லாரி திரும்புவதற்கு இடம் காட்டப்படவில்லை. தீயணைப்பு நிலையத்தின் சம்மதக் கடிதமும் இல்லை. வரும் புதன்கிழமை காலை ஓவர்சியர் இடத்தைப் பார்வையிட வருவார். கடிதத்தோடு ப்ளானின் நகலும் இணைத்திருந்தது.

"கிடங்கு" என்றாள் விலாசினி.

மாஷ் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே காய்ந்த தலை அது.

"இதுல அடுப்பு எங்க இருக்கு?"

அவள் விரலால் அந்த நகலில் அறை அறையாகத் தேடினாள். முன்னறை, படுக்கையறை, இன்னொரு படுக்கையறை. மறுபடி முதலிலிருந்து தேடினாள். இல்லாத ஒன்றை அவள் இரண்டாவது தடவை தேடியதைப் பார்த்ததும் மாஷ் உள்ளே போய் நோட்டுப் புத்தகத்தை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்துவிட்டார். முப்பது வருஷம் பிள்ளைகளின் நோட்டைத் திருத்தியவர், முதல் தடவையாகத் தன் நோட்டைத் திருத்தக் கொடுத்துவிட்டு நின்றார்.

விலாசினி இடப்பக்கம் படித்தாள். வலப்பக்கம் படித்தாள். மாலை வெயில் வரும் இடத்தில் ஒருமுறை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"எனக்காகவா இவ்வளவு பொய் சொன்னீங்க?"

"உனக்காகத்தான்."

"எனக்குன்னு ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டிருந்தா ஒரு பொய் கூட வேண்டியிருக்காது" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். "புதன்கிழமையை நான் பாத்துக்கறேன். நீங்க வாயைத் திறக்காம நின்னாப் போதும்."

புதன்கிழமை மழை விட்டிருந்தது. மாஷ் வெள்ளை வேட்டியும் வெளுத்த முகமுமாக மனைக்குப் போனபோது அங்கே ஏற்கெனவே ஒருவர் நின்றிருந்தார். தோளில் கோல். கிட்டுண்ணி ஆசாரி.

"விலாசினி வரச் சொன்னா" என்றார் ஆசாரி.

மனைவி இப்படிக் காலை வாருவாள் என்று மாஷ் நினைக்கவில்லை. இன்றைக்கு ஓவர்சியர் சர்க்கார் என்பார், ஆசாரி கோலைத் தோளில் போடுவார், ஆசாரி கோலைக் காட்டுவார், ஓவர்சியர் ஃபைலை மூடுவார். கர்க்கடகத்துக்கு இருபது நாள்கூட இல்லை. அதற்குப் பிறகு ஒற்றப்பாலம். வாயைத் திறக்கக் கூடாது என்ற உத்தரவையும் மறந்து, கதவு மரத்துக்குப் பின்பக்கப் பலா ஆகுமா என்று பார்த்துச் சொல்லுங்கள், நன்றாக நேரம் எடுத்துப் பாருங்கள் என்று ஆசாரியைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பிவைத்தார்.

அந்தப் பக்கம் ஆசாரி மறைந்தார், இந்தப் பக்கம் ஓவர்சியர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பின்னால் அளவு நாடாவோடு ஆண்டப்பன்.

"கிடங்கு போடறதா சொல்லவே இல்லையே மாஷே" என்றார் ஓவர்சியர்.

மாஷ் பதில் தேடுவதற்குள் விலாசினி கிணற்றடியிலிருந்து குரல் கொடுத்தாள். "ஆசாரியே, பலாமரம் எங்கயும் ஓடிப்போகாது. சார் வந்துட்டார், வாங்க."

மாஷ் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்தார். சத்தம் வரவில்லை. திறந்து பார்த்தபோது ஓவர்சியரும் ஆசாரியும் எதிரெதிரே நின்று, ரயிலில் எதிர்பாராமல் சந்தித்த இரண்டு சம்பந்திகள் மாதிரி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது நீங்க பாக்கற வீடா?" என்றார் ஓவர்சியர்.

"உங்க கையில இருக்குன்னு எனக்கும் யாரும் சொல்லலையே" என்றார் ஆசாரி.

இருவரும் திரும்பி மாஷைப் பார்த்தார்கள். மாஷ் தன் வேட்டியின் கரையைப் பார்த்தார்.

பிறகு இரண்டு பேரும் வாழைக் கூட்டத்துக்கு அந்தப் பக்கம் போய்க் குந்தி உட்கார்ந்தார்கள். ஈர மண்ணில் குச்சியால் எதையோ வரைந்தார்கள், அழித்தார்கள், மறுபடி வரைந்தார்கள். பேச்சு காதில் விழவில்லை. ஒருமுறை சிரிப்புச் சத்தம் கேட்டது. தன் வீட்டை வைத்துத்தான் சிரிக்கிறார்கள் என்று மாஷுக்குத் தோன்றியது, அது சரியாகவும் இருந்திருக்கலாம்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஓவர்சியர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஃபைலில் ஒரு புதுக் கட்டம் போட்டு, அளவுகளை எழுதி, இதை லிஜியிடம் கொடுத்து அப்படியே வரைந்து வாங்கி வெள்ளிக்கிழமை கொண்டுவாருங்கள், அன்றைக்கே அனுமதி தருகிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை முளை அடிக்க நல்ல நேரம் இருக்கிறது என்றார் ஆசாரி. வடகிழக்கு மூலையில் சமையலறை இருந்தது. முதல் ப்ளானில் இருந்ததைவிட ஒரு கை அகலம் கூடுதல்.

"அடுப்பு எங்க வரும்?" என்று விலாசினி கேட்டாள்.

ஆசாரி இடத்தைக் காட்டினார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் அங்கே கிழக்கே பார்த்து நின்றாள். சுற்றிலும் தொட்டாற்சுருங்கியும் சேறும்தான். வலது கையை நீட்டி, இல்லாத ஒரு சுவரில் இல்லாத ஒரு அலமாரியில் எதையோ எடுப்பதுபோல எடுத்து, மூன்று விரலால் கீழே தூவிப் பார்த்தாள். உயரம் சரியாக இருந்திருக்க வேண்டும். அவள் சிரித்தாள். பத்தொன்பது வருஷத்தில் அந்தச் சிரிப்பை மாஷ் பார்த்ததில்லை. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

நிறைந்த கண்ணோடு ஒரு கர்வமும் வந்தது. இரண்டு மாதம் இந்த இரண்டு மலைகளையும் முட்டாமல் காப்பாற்றிய தன் பொறுமைதான் கடைசியில் இருவரையும் கனியவைத்தது என்று அவர் முடிவுகட்டினார். பக்கத்தில் நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்த ஆண்டப்பனிடம், வாழ்க்கையில் முதல் முறையாக, அவராகவே பேச்சுக் கொடுத்தார்.

"பாத்தியா ஆண்டப்பா, சட்டத்தையும் சாஸ்திரத்தையும் ஒரே இடத்துல உட்கார வெச்சுட்டேன்."

ஆண்டப்பன் நாடாவைப் பைக்குள் போட்டுவிட்டு, வாழைக் கூட்டத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "நம்ம சார் மனையடி பாக்காம ஒரு ஃபைல்லயும் கையெழுத்துப் போட மாட்டார், ஆசாரி பஞ்சாயத்து விதியைப் பாக்காம ஒரு முளையும் அடிக்க மாட்டார், ஆனா ரெண்டு பேர் கணக்கும் ஒத்துப்போகாது, அதை வெளிய சொல்லிக்கவும் மாட்டாங்க, அதனாலதான் மாஷே, இந்த ஊர்ல எல்லாரும் மொத நாளே ரெண்டு பேரையும் ஒண்ணாக் கூட்டிட்டு வந்துடறாங்க."